வாகனத்தோட வந்த ஒரிஜினல் செட்லயே உங்க ப்ளேயர பாட வைக்கிறது எப்பிடி

அட்டன்ல இருந்து ஏ7 ரோட்டுல நுவரெலியா பக்கம் போறவங்களுக்கு இது பழகுன கதை, டவுன் தாண்டுற வரைக்கும் ரேடியோ கணீர்னு பாடிக்கிட்டு வரும், டெவோன் ஃபோல்ஸ் கிட்ட ரெண்டு முடக்கு திரும்புனதும் கரகரன்னு இழுக்கும், தலவாக்கலைக்கு முந்தியே வேற ஒரு நிலையம் மேல ஏறி வந்து உக்காந்துக்கும். எஃப்எம் அலை முக்காவாசி நேரா போற சாமான், நடுவுல மலை நின்னா அந்தப் பக்கம் நிழல் விழுந்த மாதிரி ஆகிடும். சரி போன்ல நெட் போட்டு கேப்போம்னா தோட்டத்து ரோட்டுல டவர் ஒரு கோடு காட்டும், அடுத்த முடக்குல அதுவும் போயிடும். அதனால தான் பாட்ட கையிலயே வச்சுக்கிட்டு போங்கன்னு நான் எல்லாருக்கும் சொல்றது. சின்ன எம்பி3 ப்ளேயர், பழைய ஐபொட், இல்லாட்டி சிம் இல்லாம லாச்சிக்குள்ள கெடக்குற பழைய போன், எதா இருந்தாலும் பரவால்ல. அத வாகனத்தோட வந்த ஒரிஜினல் ரேடியோ செட்டோட எப்பிடி சேக்குறதுன்னு தான் இங்க எழுதுறேன். புதுசா வாகனம் எடுத்தவங்க, வயர் வேலை ஒண்ணுமே பழகாதவங்களுக்காக எழுதுறதால சில எடத்துல ரொம்ப நிதானமா சொல்லியிருப்பேன், தெரிஞ்சவங்க பொறுத்துக்கோங்க.

மொதல்ல ஒரே ஒரு விஷயம், இது மட்டும் மனசுல நிக்கட்டும். ஒரிஜினல் வயர வெட்டாதீங்க, வெட்டவும் விடாதீங்க. என்னோட மொத விட்ஸ் வாகனத்துல ஒரு கடையில ஓக்ஸ், அதாவது வெளிய இருந்து பாட்டு வயர் சொருகுற ஓட்டை, போட்டுத் தாறோம்னு சொல்லி செட்டுக்குப் பின்னால இருந்த ப்ளக்க வெட்டி எறிஞ்சிட்டு வயர வயரோட முறுக்கி டேப்ப சுத்தி விட்டாங்க, அன்னைக்கு நல்லா தான் பாடுச்சு. ஒரு மழைக்காலம் போச்சு, நம்ம ஊரு ஈரம் தான் தெரியுமே, முறுக்குன எடமெல்லாம் பச்சை பூத்து இடது பக்க ஸ்பீக்கர் விட்டு விட்டு வந்துச்சு, அப்புறம் டேஷ்போர்ட் லைட்டும் மினுங்க ஆரம்பிச்சுது. அத சரி பண்ண அதே மாதிரி ப்ளக் தேடி நான் அலைஞ்ச அலைச்சல் எனக்குத் தான் தெரியும். வெட்டாமலே செய்யுற வழி எல்லா வாகனத்துக்கும் ஏதாவது ஒண்ணு இருக்கு, அத கண்டுபிடிக்கிறது தான் வேலை.

முதல் வேலை: டோர்ச் எடுத்துக்கிட்டு பத்து நிமிஷம் தேடுறது

கடைக்குப் போக முந்தி வாகனத்துக்குள்ள நல்லா தேடிப் பாருங்க. செட் முகத்துல, கியர் லீவருக்கு முன்னால இருக்கிற சின்னக் குழியில, கை வைக்கிற பெட்டிக்குள்ள, முன் சீட்டுக்கு எதிர்ல இருக்கிற லாச்சிக்கு உள் மூலையில, இங்கெல்லாம் இயர்போன் ஓட்டை மாதிரி சின்ன வட்ட ஓட்டையோ யூஎஸ்பி வாயோ ஒளிஞ்சிருக்கும். வாகனம் வாங்கி ரெண்டு வருஷமா ஓட்டிக்கிட்டு அந்த லாச்சிக்குள்ள ஓக்ஸ் வயர் சுத்தி வச்சிருந்தத பாக்காதவங்கள நான் கண்டிருக்கேன், காப்புறுதி பேப்பருக்கு அடியில கெடந்துச்சு.

அடுத்து செட்ல சோர்ஸ் இல்லாட்டி மோட்னு இருக்கிற பட்டன ஒண்ணொண்ணா அமத்திப் பாருங்க, திரையில ஓக்ஸ், யூஎஸ்பி, பிடி ஓடியோ, வீடிஆர்னு ஏதாவது வருதான்னு எழுதி வச்சுக்கோங்க. ஜப்பான்ல இருந்து வந்த ரீகண்டிஷன் வாகனம்னா மெனு பூரா ஜப்பான் எழுத்துல இருக்கும், பயப்படாதீங்க, சோர்ஸ் பக்கத்துல இருக்கிற பேருங்க முக்காவாசி இங்கிலிஷ் எழுத்துல தான் இருக்கும், மிச்சத்துக்கு போன்ல கெமரா பிடிச்சு மொழிபெயர்க்கிற அப் ஒண்ணு போதும். வீடிஆர்னு ஒண்ணு கண்டா அது வெளிய இருந்து சத்தமும் படமும் உள்ள எடுக்கிற வழி, டொயோட்டா நேவி செட், அதாவது வழி காட்டுற மெப் திரை உள்ள செட், நெறையத்துல ஓக்ஸுக்குப் பதிலா அந்தப் பேர்ல தான் இருக்கும். பேரு மெனுவுல இருந்து ஓட்டைய மட்டும் காணலன்னா செட்டுக்கு பின் பக்கம் சொக்கெட் இருக்குது, வயர் மட்டும் பூட்டலன்னு அர்த்தம், அதுக்கு கீழ வாறேன்.

இன்னொன்னு, 2000ஆம் ஆண்டு பக்கத்து ஜப்பான் வாகனங்கள்ல சிடி வாய்க்குப் பக்கத்துல அதவிட சின்னதா ஒரு வாய் இருக்கும், எம்டின்னு போட்டிருக்கும். அது மினிடிஸ்க், சோனி 1992ல கொண்டு வந்த சின்ன பெட்டி டிஸ்க். மெமரி காட் போடுற எடம்னு நெனச்சு காட்ட உள்ள தள்ளிடாதீங்க, உள்ள போனா டேஷ்போர்ட கழட்டித் தான் எடுக்கணும்.

ஓக்ஸ் இருந்தா வேற ஒண்ணும் தேடாதீங்க

கேக்குற சத்தத்துக்கும் வேலை லேசுக்கும் ஓக்ஸுக்கு பக்கத்துல எதுவும் வராது. வேண்டியது ரெண்டு பக்கமும் 3.5 மில்லிமீட்டர் ப்ளக் உள்ள வயர் ஒண்ணு. ப்ளக் நுனிய பாத்தா ரெண்டு கறுப்பு வளையம் இருக்கும், நுனி இடது பக்க சத்தம், நடு வலது பக்கம், அடி எர்த். மூணு வளையம் இருந்தா அது மைக்கும் சேந்த போன் வயர், முக்காவாசி எடத்துல பாடும், ஆனா சில செட்ல சரியா உக்காராம ஒரு பக்கம் மட்டும் வரும், அதனால ரெண்டு வளையம் உள்ளத கேட்டு வாங்குங்க. நீளம் ஒரு மீட்டருக்கு மேல வேண்டாம், நீண்ட வயர் கியர்ல சுத்தும், இரைச்சலையும் கூட இழுத்துக்கும்.

பூட்டுற ஒழுங்கு இப்பிடி. செட் சத்தத்த அடியோட கொறைங்க, ப்ளேயர்ல வயர சொருகுங்க, மறு முனைய செட்ல சொருகுங்க, சோர்ஸ ஓக்ஸுக்கு மாத்துங்க, ப்ளேயர்ல பாட்ட போட்டு அதோட சத்தத்த முக்கால் அளவுக்கு மேல கொஞ்சம் ஏத்துங்க, அதுக்கப்புறம் செட்ல மெதுவா கூட்டுங்க. இந்த முக்கால் கணக்கு முக்கியம், புதுசா செய்யுற எல்லாரும் இங்க தான் பிழை விடுறது. ப்ளேயர கொறைச்சு வச்சு செட்ட கூட்டுனா ஸ்ஸ்ஸ்னு ஒரு இரைச்சலும் சேந்து பெருசாகும், ப்ளேயர முழுசா கூட்டுனா தவில் அடிக்கிற எடமெல்லாம் கிழிஞ்ச மாதிரி கேக்கும். ப்ளேயர்ல இருக்கிற ஈக்வலைசர ஓஃப் பண்ணிடுங்க, பாஸும் ட்ரெபிளும் செட்ல மட்டும் கூட்டிக் கொறைங்க, ரெண்டு எடத்துல கூட்டுனா பாட்டு கொழஞ்சிடும்.

பழைய ஐபொட் வச்சிருக்கிறவங்களுக்கு ஒரு நல்ல செய்தி இருக்கு, கீழ அகல வாய் உள்ளது, 30 பின் வாய்னு சொல்லுவாங்க, 2003ல இருந்து 2012ல லைட்னிங் வாய் வாற வரைக்கும் வந்தது, அதுக்கு லைன் அவுட் வயர்னு ஒண்ணு வாங்கலாம். அது இயர்போன் ஓட்டைய விட சுத்தமா, ஒரே அளவு சத்தம் குடுக்கும், ஐபொட்ல கூட்டுறது கொறைக்கிறது எதுவும் அதுக்குப் படாது. ஐபொட் செய்யுறத 2022ல நிப்பாட்டிட்டாங்க, இருந்தாலும் வச்சிருக்கிறவங்க வீசாதீங்க, வாகனத்துக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு. ஐபோன் 7ல இருந்து இயர்போன் ஓட்டை இல்ல, 14 வரைக்கும் சின்ன லைட்னிங் அடாப்டர் வேணும், 15ல இருந்து டைப் சி. டைப் சி போன்னா அடாப்டர் வாங்கும்போது உள்ள டெக் சிப், அதாவது டிஜிட்டல் பாட்ட சத்தமா மாத்துற சின்ன சிப், இருக்கிறதான்னு கேளுங்க, சும்மா வயர் மட்டும் உள்ள அடாப்டர் சில போனுக்குத் தான் பாடும், மத்ததுல சத்தமே வராது. கடையிலயே உங்க போன்ல சொருகிப் பாத்துட்டு சல்லி குடுங்க.

ஓக்ஸோட வாற ஒரே தலைவலி அந்த வீஈஈங் சத்தம். ப்ளேயர வாகனத்து சார்ஜர்ல போட்டுக்கிட்டே ஓக்ஸ்லயும் பாட வச்சா எஞ்சின் ரேஸ் கூடக் கூட ஒரு ஊளை சத்தமும் கூடும், கினிகத்தேனை ஏத்தத்துல ரெண்டாம் கியர் போட்டு ஏறும்போது பாட்ட விட அது தான் கேக்கும். சார்ஜர் வழியா ஒரு எர்த், ஓக்ஸ் வயர் வழியா ஒரு எர்த்னு ரெண்டு பாதை சேந்து ஒரு வட்டம் உண்டாகுது, எஞ்சின் சுத்தி கரண்ட் எடுக்கிற ஓல்டர்னேட்டர்ல இருந்து வாற இரைச்சல் அந்த வட்டத்துக்குள்ள ஓடி பாட்டுக்குள்ள பூந்துக்குது, அவ்வளவு தான் காரணம். சார்ஜர கழட்டிப் பாருங்க, சத்தம் நின்னுச்சுன்னா இது தான் வியாதி. வீட்டுலயே சார்ஜ் ஏத்திக்கிட்டு வந்தா செலவே இல்ல. ஓடும்போது சார்ஜ் கட்டாயம் வேணும்னா க்ரவுண்ட் லூப் ஐசலேட்டர்னு சின்ன பெட்டி ஒண்ணு கெடைக்கும், ஓக்ஸ் வயருக்கு நடுவுல பூட்டுறது, உள்ள சின்ன ட்ரான்ஸ்போமர் தான் இருக்கு. ரொம்ப மலிவானது பாஸ கொஞ்சம் சாப்பிடும், ஆனா ஊளை போயிடும்.

டிடிட் டிடிட்னு விட்டு விட்டு வந்தா அது வேற, அது பக்கத்துல வச்சிருக்கிற போன் 2ஜியில டவரோட கதைக்கிற சத்தம். சிக்னல் கொறைஞ்ச எடத்துல போன் கூடுதல் சக்தி போட்டு டவர தேடும், மலையில அது அடிக்கடி நடக்கும். போன வயர விட்டு ஒரு முழம் தள்ளி வையுங்க, சரியாகிடும்.

யூஎஸ்பி, புளூடூத்

யூஎஸ்பி வாய் இருந்தா ப்ளேயர நேரா சொருகலாம், ஆனா சொருகுனதும் பாடுமான்னா எல்லாம் பாடாது. செட்டுக்கு ப்ளேயர் ஒரு பென் ட்ரைவ் மாதிரி தெரியணும். ப்ளேயர் செட்டிங்ல யூஎஸ்பி மோட்னு ஒண்ணு இருக்கும், அதுல எம்டிபி, எம்எஸ்சி ரெண்டுல எம்எஸ்சிய போடுங்க. அண்ட்ரொய்ட் போன்ல அந்த வசதி இப்ப இல்ல, அதனால தான் போன சொருகுனா சார்ஜ் மட்டும் ஏறும், பாட்டு வராது, செட்ல பிழை இல்ல. அதுக்கு சொல்லப் போனா ஒரு பென்ல பாட்ட ஏத்தி சொருகிடுறது தான் சுகம். பென்ன ஃபேட்32ல ஃபோமட் பண்ணுங்க, எக்ஸ்ஃபேட்டையும் என்டிஎஃப்எஸ்சையும் ஒரிஜினல் செட் நெறையத்துக்கு வாசிக்கத் தெரியாது, 32 ஜிபிக்கு மேல போகாதீங்க. பாட்டு எம்பி3யா இருக்கட்டும். 128 கேபிபிஎஸ்ல ஒரு நிமிஷத்துக்கு கிட்டத்தட்ட 1 எம்பி போகும், அஞ்சு நிமிஷ பாட்டு 5 எம்பி, 8 ஜிபி பென்லயே 1500 பாட்டு நிம்மதியா நிக்கும்.

ஜப்பான் செட்ல தமிழ்ல பேர் வச்ச பாட்டு கட்டம் கட்டமா இல்லாட்டி கேள்விக்குறியா தான் தெரியும், அதுக்கு தமிழ் எழுத்து தெரியாது. பாட்டு பேர இங்கிலிஷ் எழுத்துல மாத்திட்டு முன்னால 01, 02னு நம்பர் போட்டு விடுங்க, சில செட் பேர் வரிசையில பாடாது, பென்னுக்குள்ள எத மொதல்ல கொப்பி பண்ணமோ அந்த வரிசையில தான் பாடும், அதனால நம்பர் போட்டதையும் ஒழுங்காவே ஒவ்வொரு ஃபோல்டரா ஏத்துங்க. நான் அம்மாவுக்கு பக்திப் பாட்டு ஒரு ஃபோல்டர், தூரப் பயணத்துக்கு பழைய பாட்டு ஒரு ஃபோல்டர், பிள்ளைங்களுக்கு ஒண்ணுன்னு பிரிச்சு வச்சிருக்கேன், ஓட்டும்போது ஒரு பட்டன் அமத்துனா ஃபோல்டர் மாறும், திரைய பாக்கவே வேண்டாம்.

புளூடூத்ல ஒரு கொழப்பம் எல்லாருக்கும் வரும். போன் கனெக்ட் ஆகுது, கோல் வந்தா ஸ்பீக்கர்ல கேக்குது, பாட்டு மட்டும் வராது. கோலுக்கு ஒரு வழி, பாட்டுக்கு ஒரு வழின்னு புளூடூத்துக்குள்ள ரெண்டு இருக்கு, பாட்டு வழிக்கு ஏ2டிபின்னு பேரு, பழைய செட் சிலதுக்கு கோல் வழி மட்டும் தான் இருக்கு, என்ன செஞ்சாலும் பாட்டு வராது. பிடி ஓடியோன்னு சோர்ஸ்ல இருந்தா பாட்டு வழியும் இருக்குன்னு அர்த்தம். சோடி சேக்க நம்பர் கேட்டா 0000, இல்லாட்டி 1234 போட்டுப் பாருங்க, முக்காவாசி அதுல தான் திறக்கும். ஓக்ஸ் இருந்து புளூடூத் இல்லன்னா ஓக்ஸ்ல சொருகுற சின்ன புளூடூத் ரிசீவர் நல்ல சாமான் தான், ஆனா அதையும் சார்ஜர்லயே போட்டு வச்சா மேல சொன்ன ஊளை சத்தம் இதுலயும் வரும்.

கேசட் வாய் உள்ள பழைய வாகனம்

பழைய கொரோலா, சன்னி, டொல்பின் வேன்ல இன்னும் கேசட் செட் நல்லா வேலை செய்யுது, அத பழசுன்னு கழட்டுறது எனக்கு மனசுக்கு சரியா படல. கேசட் அடாப்டர்னு கேட்டு வாங்குங்க, கேசட் வடிவத்துலயே இருக்கும், ஒரு வயர் வெளிய வந்து 3.5 ப்ளக்ல முடியும். செட்டுக்குள்ள டேப்ப தொட்டு வாசிக்கிற ஹெட் இருக்கில்ல, அதுக்கு நேரா அடாப்டர்ல ஒரு சின்ன காந்த ஹெட் இருக்கு, ப்ளேயர்ல இருந்து வாற சத்தத்த அது காந்தமா மாத்தி நேரா குடுக்குது, டேப்பே ஓட வேண்டியதில்ல. போடுறதுக்கு முந்தி செட் ஹெட்ட ஐசோப்ரோபைல் அல்கஹோல் தொட்ட பஞ்சுக் குச்சியால மெதுவா தொடைங்க, இருவது வருஷத்து அழுக்கு போனதும் சத்தம் தெளிவா வரும். டேப் இரைச்சல கொறைக்கிற டோல்பி பட்டன் இருந்தா ஓஃப்ல வையுங்க, இல்லன்னா மேல் சத்தம் மங்கிடும். உள்ள போட்டதும் க்ளிக் க்ளிக்னு பக்கம் மாறிக்கிட்டே இருந்தா இல்ல வெளிய துப்பிட்டா, செட் டேப் முடிஞ்சதா நெனைக்குது, அடாப்டர் பல்லுச் சக்கரம் லேசா சுத்துதான்னு விரலால சுத்திப் பாருங்க, எறுகிப் போயிருந்தா வேற ஒண்ணு மாத்துங்க. ஏறக்குறைய ஓக்ஸ் அளவுக்கு நல்லா இருக்கும், எஃப்எம் ட்ரான்ஸ்மீட்டர விட நூறு பங்கு மேல்.

எஃப்எம் ட்ரான்ஸ்மீட்டர் வாங்க போறவங்க இத வாசிச்சிட்டு போங்க

லைட்டர் ஓட்டையில சொருகி பாட்ட எஃப்எம் அலையா செட்டுக்கு அனுப்புற ட்ரான்ஸ்மீட்டர் எல்லா கடையிலயும் தொங்குது, மலிவு, எந்த செட்டுக்கும் பாடும்னு சொல்லித் தான் விக்கிறாங்க. நம்ம நாட்டுல அது முழுசா சரிவராது. ஜப்பான்ல எஃப்எம் 76ல இருந்து 90 மெகாஹேட்ஸ் வரைக்கும் தான் வச்சிருந்தாங்க, பிறகு 95 வரைக்கும் கூட்டுனாங்க. இங்க 87.5ல இருந்து 108 வரைக்கும். கடையில வாற ட்ரான்ஸ்மீட்டரும் 87.5ல தான் ஆரம்பிக்கும். அப்போ ரீகண்டிஷன் வாகனத்துல செட்டும் ட்ரான்ஸ்மீட்டரும் சந்திக்கிறது 87.5க்கும் 90க்கும், புது செட்னா 95க்கும், நடுவுல இருக்கிற சின்ன எடத்துல மட்டும் தான். 100ல போட்டுட்டு ஏன் பாடலன்னு ட்ரான்ஸ்மீட்டர திருப்பிக் குடுக்க போறவங்க நெறையப் பேரு, அதுல பிழை இல்ல.

சில வாகனத்துல இங்க வந்ததும் பேண்ட் எக்ஸ்பாண்டர்னு ஒரு சின்ன பெட்டி அன்டெனா வயர்ல பூட்டியிருப்பாங்க, அது இங்கத்த நிலையங்கள கீழ எறக்கி ஜப்பான் செட்டுக்கு கேக்க வைக்கும். இருக்கா இல்லையான்னு கண்டுபிடிக்க கழட்ட வேண்டியதில்ல. உங்க பக்கம் 103ல வாற ஒரு நிலையம் உங்க செட்ல 85ல பாடுதுன்னு வைங்க, அப்போ எக்ஸ்பாண்டர் இருக்கு, அது 18 கழிக்குது. எந்த நிலையத்த வச்சும் இந்தக் கழித்தல் கணக்க போட்டு உங்க பெட்டியோட நம்பர கண்டுபிடிச்சிடலாம், ஒவ்வொரு பெட்டிக்கும் அது மாறும். பிறகு ட்ரான்ஸ்மீட்டர 98.5ல போட்டா செட்ட 80.5க்கு திருப்பணும். ஆல்ட்டோ, விவா மாதிரி இந்தியா, மலேசியாவுல இருந்து வந்த வாகனத்துக்கு இந்தக் கணக்கே தேவையில்ல, ரெண்டுலயும் ஒரே நம்பர்.

அடுத்தது வெறும் எடம் தேடுறது. நிலையம் எதுவும் இல்லாம ஸ்ஸ்னு மட்டும் வாற நம்பர் ஒண்ண பாத்து அதுல போடுங்க, ரெண்டு பக்கமும் 0.2 தள்ளியும் ஒண்ணும் இல்லாம இருக்கட்டும். மலையில இருக்கிற கஷ்டம் என்னன்னா அட்டன்ல வெறுமையா இருந்த நம்பர் நானுஓயாவுக்கு வந்ததும் வெறுமையா இருக்காது, மலையோட அந்தப் பக்கத்து டவர் இங்க வந்து கேக்கும். அதனால ரெண்டு மூணு நம்பர் தேடி வச்சு செட்டோட ப்ரீசெட் பட்டன்ல பதிஞ்சிடுங்க. ரம்பொடை பக்கம் போறவங்களுக்கு ஒரு நம்பர், பண்டாரவளை பக்கம் எறங்குறவங்களுக்கு ஒரு நம்பர்னு ஓட்டி ஓட்டித் தான் பழகணும். எவ்வளவு பாத்து வச்சாலும் எங்கயாவது ஒரு முடக்குல இரைச்சல் வரத்தான் செய்யும், மேல சொன்ன வழி ஏதாவது இருந்தா இதுக்கு வராதீங்க. வேற வழியே இல்லன்னா அன்டெனா வயருக்கு நடுவுல ப்ளக்கோட பூட்டுற எஃப்எம் மொடியுலேட்டர் கேளுங்க, காத்துல அனுப்பாம வயர்லயே அனுப்புறதால வெளி நிலையம் உள்ள பூராது, ப்ளக் மேல ப்ளக் தான், வயர் வெட்டுற வேலையும் இல்ல.

டேஷ்போர்ட கழட்ட வேண்டி வந்தா

பின் பக்கம் ஓக்ஸ் இல்லாட்டி வீடிஆர் சொக்கெட் இருந்தா அதுக்கு சரியான வயர வாங்கி பின்னால பூட்டி நுனிய லாச்சிக்குள்ள எடுத்து விடுறது தான் ஆகச் சிறந்த வேலை. சிடி சேஞ்சர், அதாவது நெறைய சிடி மாத்தி மாத்தி போடுற பெட்டி, அதுக்கு சொக்கெட் உள்ள பழைய செட்டுக்கும் அதுல பூட்டுற அடாப்டர் கெடைக்கும், ஆனா சும்மா வயர் இழுத்தா அந்த வாய செட் கண்டுக்காது, சேஞ்சர் இருக்குன்னு செட்ட நம்ப வைக்கிற எமுலேட்டர் பெட்டியா வாங்கணும், உங்க செட் நம்பருக்கு பொருந்துறதான்னு பாத்து.

கழட்டுறதுக்கு முந்தி ஒரு எச்சரிக்கை. ஜப்பான் நேவி செட் சிலதுலயும் ஹொண்டா செட்லயும் களவு பயத்துக்கு பூட்டு வச்சிருக்கும், பேட்டரி வயர கழட்டுனாலோ செட் ப்ளக்க உருவுனாலோ திரும்பப் போடும்போது கோட் கேக்கும், கோட் இல்லன்னா செட் செங்கல் மாதிரி தான். அதனால வித்தவங்க கிட்ட கோட் இருக்கான்னு கேட்டு, வாகனத்து புத்தகத்துக்குள்ளயும் தேடிட்டு தான் கை வைக்கணும். கோட் கையில இருந்தா பேட்டரி மைனஸ கழட்டிட்டு வேலைய ஆரம்பிங்க.

காலையில நுவரெலியா குளிர்ல ப்ளாஸ்டிக் கவர இழுத்தா க்ளிப் டக்குனு ஒடஞ்சிடும். வெயில் ஏறுனதுக்கப்புறம் இல்லாட்டி ஹீட்டர கொஞ்சம் ஓட விட்டுட்டு செய்யுங்க. ஸ்குரூட்ரைவர போட்டு நெம்பாதீங்க, ப்ளாஸ்டிக் நெம்பு கட்டை வாங்குங்க, துணி சுத்துன மெல்லிய மரத்துண்டும் போதும். டொயோட்டா நெறையத்துல கவர் க்ளிப்புல தான் நிக்குது, உள்ள செட்ட பிடிக்கிறது நாலு 10 நம்பர் ஆணி. ஒவ்வொரு கட்டத்துலயும் போன்ல படம் எடுத்துக்கோங்க. ஏதாவது ஒரு பெட்டிக்கு 12 வோல்ட் எடுக்க வேண்டி வந்தா வயர் நிறத்த நம்பாம, பாக்கும்போது மட்டும் பேட்டரிய திரும்ப பூட்டி மீட்டர் வச்சுப் பாருங்க, சாவி போட்டா மட்டும் வாற லைன் தான் வேணும், எப்பவும் இருக்கிற லைன்ல எடுத்தா ரெண்டு நாளு நிப்பாட்டி வச்சதும் பேட்டரி எறங்கிடும், குளிர்ல அது இன்னும் சீக்கிரம் தெரியும். இந்த அளவுக்கு கை பழகலன்னா நம்பிக்கையான வயரிங் பாஸ் ஒருத்தர் கிட்ட குடுங்க, வெட்டாம ப்ளக் மேல ப்ளக் போடுங்கன்னு மொதல்லயே சொல்லி, பக்கத்துல நின்னு பாருங்க.

சார்ஜர் வாங்குறவங்க கவனிங்க, கார், வேன், டிமோ பட்டான்னு சொல்ற சின்ன லொறி எல்லாம் 12 வோல்ட், பெரிய லொறியும் பெரிய பஸ்ஸும் 24. 12க்கு மட்டும் செஞ்ச சார்ஜர லொறியில சொருகுனா சார்ஜரோட ப்ளேயரும் போயிடலாம், 12–24னு எழுதியிருக்கிறத பாத்து வாங்குங்க. ப்ளேயர டேஷ்போர்ட் மேல வெயில்ல விட்டுட்டு போகாதீங்க, நம்ம ஊருல குளிருன்னாலும் கண்ணாடிக்குள்ள வெயில் சுடும், கீழ கொழும்புக்கு எறங்குனா கேக்கவே வேண்டாம், லித்தியம் பேட்டரி ஊதிடும். ஈரத்துக்கு ஓக்ஸ் ஓட்டை உள்ள லேசா பச்சை பிடிக்கும், ப்ளக்க நாலஞ்சு தரம் உள்ள வெளிய சுத்தி எடுத்தா முக்காவாசி சரியாகும், ஆகலன்னா கொன்டெக்ட் க்ளீனர் ஒரு சொட்டு ப்ளக்ல தெளிச்சு சொருகுங்க, செட் மேல தெளிக்காதீங்க.

எல்லாம் பூட்டி முடிஞ்சா நிப்பாட்டி வச்சு மட்டும் கேட்டுட்டு சரின்னு விட்டுடாதீங்க. எஞ்சின போட்டு, லைட்ட போட்டு, வைப்பர போட்டு, ஹீட்டர் ஃபேன முழுசா வச்சு ஒவ்வொண்ணா கேளுங்க, எதுல இரைச்சல் வருதோ அது பக்கத்துல உங்க வயர் போகுதுன்னு அர்த்தம், வயர தள்ளிக் கட்டுங்க. பாட்டு வரிசைய புறப்படுறதுக்கு முந்தியே போட்டுடுங்க, முடக்குல ஒரு கை ஸ்டியரிங்லயும் ஒரு கை ப்ளேயர்லயும் இருக்கக் கூடாது.

கடைசியா சத்தத்துக்கு ஒரு அளவு. நம்ம ரோட்டுல முடக்குல எதிர்ல வாற பஸ் அடிக்கிற ஹோர்ன் தான் நமக்கு கண்ணு. வீட்டுல ஒருத்தர கூப்பிட்டு வேற ஒரு வாகனத்த அம்பது அறுவது அடி தள்ளி முடக்குக்கு அந்தப் பக்கம் நிப்பாட்டி ஹோர்ன் அடிக்க சொல்லுங்க, நீங்க கண்ணாடிய ஏத்திட்டு, எஞ்சின் ஓட, பாட்ட கூட்டிக்கிட்டே போங்க. ஹோர்ன் லேசா மங்குற எடம் வந்ததும் திரையில என்ன நம்பர்னு பாருங்க, என்னோட வேன்ல அது 19, அதுல இருந்து நாலு கொறைச்சு 15னு ஒரு ஸ்டிக்கர் எழுதி செட்டுக்கு பக்கத்துல ஒட்டி வச்சிருக்கேன், யாரு வாங்கி ஓட்டுனாலும் அதுக்கு மேல கூட்டுறதில்ல.